டோரதியைப் பார்த்துக்கொண்டவர்கள்

காக்ஸ் டவுன், பெங்களூர்
2-2-1958

மச்சான் ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

இது டோரதி சொல்லி நான் எழுதும் கடிதம் இல்லை. நானாக எழுதுவது. கலியாணமாகி ஆறு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். நீங்கள் பார்த்து வைத்த இடத்தை வேண்டாமென்று சொல்லி அவள் என்னைக் கட்டிக்கொண்டதிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதைக் குறையாகச் சொல்ல இப்போது எழுதவில்லை.

ஆகஸ்டிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களில் கையெழுத்து மாறியிருந்ததைக் கவனித்திருப்பீர்கள். கையில் சுளுக்கு என்று எழுதச் சொன்னாள், எழுதினேன். அது சுளுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் போர்டில் எழுதும்போது சாக்பீஸ் கீழே விழ ஆரம்பித்தது. பிறகு படி ஏற முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டாள். இப்போது படுக்கையில் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் சீனிவாசராகவன் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நரம்பு சம்பந்தமான வியாதியாம். கை கால் முதலில் போகும், பிறகு நாக்கும் தொண்டையும். மருந்து கிடையாது. எத்தனை நாள் என்று கேட்டேன். "ஒரு வருஷம் இருக்கலாம். விழுங்குவது எப்போது நிற்கிறதோ அதைப் பொறுத்தது" என்றார். அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றும் சொன்னார். அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார்.

அண்ணனுக்கு எழுத வேண்டாம் என்று டோரதி பிடிவாதம். ஆனால் அவள் உங்கள் தங்கை. உங்களுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

கிளாரன்ஸ்

பொன்மலை, திருச்சி
11-2-1958

மாப்பிள்ளை கிளாரன்ஸுக்கு,

கடிதத்தை ரயில்வே ஒர்க்ஷாப் வாசலிலேயே நின்று படித்தேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். சர்வேசுரனுக்குத் தெரியாத வியாதி கிடையாது. வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு பாட்டில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் கை காலில் தடவ வேண்டும். இங்கே நானும் செசிலியும் பிள்ளைகளும் ஒன்பது நாள் ஜெபம் ஆரம்பித்திருக்கிறோம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அவள் எங்கள் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை. அங்கே பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, எல்லாம் ஒரே ஆள். சத்தான ஆகாரம் கொடுத்தீர்களா? முட்டை, பால், ஆட்டுக்கால் சூப்? நோயாளிக்கு மருந்தைவிட முக்கியம் பக்கத்தில் இருப்பவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வது. அன்பாகப் பார்த்தால் பாதி வியாதி அதிலேயே போய்விடும்.

அவளிடம் நான் கோபமாக இல்லை என்று சொல்லுங்கள்.

ஆம்ப்ரோஸ்

காக்ஸ் டவுன்
23-2-1958

மச்சானுக்கு,

எண்ணெய் வந்தது. தடவுகிறேன். நீங்கள் கோபமாக இல்லை என்று சொன்னதும் டோரதி சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடி சிரித்தாள். காரணமில்லாமல் சிரிப்பும் அழுகையும் வருவதும் இந்த வியாதியில் உண்டாம். எது அவளுடையது, எது வியாதியினுடையது என்று தெரியாமல் நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

முகம் கோணாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கழுவித் துடைத்து, துணி மாற்றி, பல் விளக்கிவிட வேண்டும். சடை பின்னக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உங்க பாக்டரி ஸ்டோர்ஸ்ல மூட்டை கட்டுற மாதிரி கட்டியிருக்கீங்க" என்றாள். அப்புறம் கஞ்சி. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி. ஏழு மணிக்கு ஆயா பாஞ்சாலி வந்ததும் நான் பாக்டரிக்கு ஓடுவேன். நாலு மணிக்கு அவள் போய்விடுவாள், அவளுக்கும் வீடு இருக்கிறது. நான் வந்ததும் மறுபடி கஞ்சி, துணி, புரட்டுவது. துவைத்துக் காயப்போடுவது. பக்கத்து வீட்டு பிரிஜெட் அம்மா மத்தியானம் ஒருமுறை வந்து தூக்க ஒத்தாசை செய்கிறார்.

பாக்டரியில், "என்னப்பா, நர்ஸம்மா டியூட்டி முடிஞ்சுதா?" என்று கேட்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் ஆட்கள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். வாசலில் என் தோளைத் தட்டி, "தைரியமா இரு கிளாரன்ஸ்" என்கிறார்கள். தைரியம் வேண்டிய வேலை எதுவும் இங்கே இல்லை மச்சான். துவைக்கிற வேலைதான் இருக்கிறது.

முட்டையும் சூப்பும் கொடுத்துத்தான் வந்தேன். இப்போது அவளால் அவற்றை விழுங்க முடியவில்லை.

கிளாரன்ஸ்

பொன்மலை
18-3-1958

கிளாரன்ஸுக்கு,

பிரிஜெட் அம்மாள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். என் விலாசத்தை டோரதியின் பழைய கடித உறையிலிருந்து எடுத்தாராம். நல்ல மனுஷி.

உங்கள் பாக்டரி சைரன் நாலரைக்கு. சைக்கிளில் வீட்டுக்கு அரைமணி. நீங்கள் வீடு வந்து சேருவது ஏழரைக்கு, சில நாள் எட்டுக்கு. ஒரு மாசமாக இப்படித்தானாம். ஓவர்டைம் என்று டோரதியிடம் சொல்கிறீர்கள். ஓவர்டைம் இல்லை என்று பிரிஜெட் அம்மாள் உங்கள் பாக்டரி ஆள் ஒருவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். நாலு மணியிலிருந்து என் தங்கை தனியாகக் கிடக்கிறாள். போன புதன்கிழமை ஈரத்திலேயே கிடந்திருக்கிறாள். பிரிஜெட் அம்மாளுக்கு மூட்டுவலி, தனியாகத் தூக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாராம்.

யார் அவள்? எந்தத் தெரு? நான் உங்களைச் சுற்றி வளைத்துக் கேட்கப்போவதில்லை. பெண்டாட்டி கையும் காலும் விழுந்து கிடக்கும்போது இப்படிச் செய்கிறவனை எங்கள் ஊரில் மனுஷ ஜாதியில் சேர்ப்பதில்லை. தபசு காலம் வேறு. இந்தப் பாவத்தோடு நீங்கள் நற்கருணை வாங்குகிறீர்களா?

பதில் வராவிட்டால் நானே வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஆம்ப்ரோஸ்

காக்ஸ் டவுன்
24-3-1958

மச்சானுக்கு,

பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் உங்களுக்குப் பதில் எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சைரன் ஊதியதும் சைக்கிளை எடுக்கிறேன். வீட்டுக்குத்தான் கிளம்புகிறேன். பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன் வந்ததும் இறங்கிவிடுகிறேன். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறேன். பேப்பர் படிப்பதில்லை. ஜெபமாலை சொல்வதில்லை. மெட்ராஸ் பக்கம் போகிற வண்டி போகும், அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வரும். முதல் நாள் கால்மணி நேரம் இருந்தேன். மறுநாள் அரைமணி. இப்போது ஏழாகிவிடுகிறது. அவள் தனியாகக் கிடக்கிறாள் என்பது ஒவ்வொரு நிமிஷமும் தெரியும். எழுந்திருக்க வேண்டும் என்று நினைப்பேன். எழுந்திருக்க மாட்டேன். ஒருநாள் ஸ்டேஷன் ஆள் ஒருவர், "யாரை அழைச்சிட்டுப் போக வந்திருக்கீங்க?" என்று கேட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவு எழுதியாயிற்று, இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். புரையேறி என் முகத்திலும் சட்டையிலும் தெறித்தது. அன்று அது மூன்றாவது சட்டை. நான் அவள் தாடையைப் பிடித்து, "முழுங்கு! முழுங்கித் தொலை!" என்று கத்தினேன். கையை எடுத்தபோது கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன. அவள் அழவில்லை. "சாரிங்க" என்றாள். மச்சான், அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார் மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார், பொறுமைக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். சொன்னேன். மறுநாளும் ஸ்டேஷனில்தான் உட்கார்ந்தேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைப்பதில்லை. இது முடிய வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றுதானா என்று தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

நீங்கள் வந்து அழைத்துப் போவதானால் போங்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினையுங்கள். பேஜாராகிவிட்டது என்று சொன்னால் சின்ன வார்த்தையாக இருக்கிறது, ஆனால் எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

கிளாரன்ஸ்

பொன்மலை
30-3-1958

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபத்தில் எழுதக் கூடாதென்று எழுதவில்லை. கோபம் இன்னும் போகவில்லை.

பாஸ்கு பண்டிகை முடிந்ததும் எனக்குப் பன்னிரண்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது. எட்டாம் தேதி வந்து சேருவேன். நீங்களும் லீவு போட்டுவிட்டு எங்கேயாவது போங்கள். ஒரு நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை நான் காட்டுகிறேன். என் தங்கை கன்னத்தில் கை வைத்தவரோடு ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியாது, அதனால் நான் வந்ததும் நீங்கள் கிளம்பிவிட வேண்டும்.

ஆம்ப்ரோஸ்

காக்ஸ் டவுன்
10-4-1958

மாப்பிள்ளை,

நீங்கள் கொடுத்த தங்கவயல் விலாசத்துக்கு எழுதுகிறேன். இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நேர அட்டவணை ஒன்று போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கஞ்சி இருபத்தைந்து நிமிஷத்தில் கொடுத்து முடித்தேன். உங்களுக்கு முக்கால் மணி ஆவது ஏன் என்று தெரியவில்லை. டோரதி என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். நாங்கள் சின்ன வயதுக் கதையெல்லாம் பேசுகிறோம். நான்தான் பேசுகிறேன், அவள் கேட்கிறாள்.

ஒழுங்கும் ஜெபமும் இருந்தால் எதுவும் பாரமில்லை.

ஆம்ப்ரோஸ்

சாம்பியன் ரீஃப், தங்கவயல்
13-4-1958

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நன்றாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இங்கே என் சிநேகிதன் கோவிந்தன் வீட்டில் இருக்கிறேன். சுரங்கத்தில் வேலை அவனுக்கு. வந்ததும் பாயில் படுத்தேன். இரண்டு நாள் தூங்கியிருக்கிறேன். நடுவில் எழுந்து சாப்பிட்டேனாம், ஞாபகமில்லை. அவன் மனைவி லட்சுமம்மா பயந்துபோய், "அண்ணா, உடம்புக்கு என்னா? டாக்டரைக் கூப்பிடலாமா?" என்று எழுப்பிக் கேட்டார்.

மூன்றாம் நாள் கோவிந்தன் ஏதோ சொன்னான், நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே யாரோ சிரிப்பது போலக் கேட்டது. கறிச்சோறு சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் உள்ளே போகிறதா என்று யாரையும் பார்க்காமல் சாப்பிட்டேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? சாப்பிட்டு முடித்ததும் வெட்கமாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். திரும்பி வர மனசில்லை. இருபதாம் தேதி நான் வராமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்ததை உங்களுக்கு எழுதிவிட்டால் செய்ய மாட்டேன் என்று எழுதுகிறேன்.

கஞ்சியை அவசரமாகக் கொடுக்காதீர்கள். அவள் போதும் என்று சொல்ல மாட்டாள், கண்ணை இரண்டு தடவை மூடித் திறப்பாள்.

கிளாரன்ஸ்

காக்ஸ் டவுன்
15-4-1958

மாப்பிள்ளை,

கண்ணை இரண்டு தடவை மூடித் திறப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? ஆறு நாளாக மூடித் திறந்துகொண்டுதான் இருந்தாள். நான் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

நேற்று பாஞ்சாலி வரவில்லை. விடிந்ததிலிருந்து மூன்று தடவை படுக்கை நனைந்தது. கூடப்பிறந்த தங்கை. அவளுக்கு வெட்கம். தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது, கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது தடவை நான் கத்திவிட்டேன். "ஏன்டி, ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அவள் சொல்லித்தான் இருக்கிறாள் மாப்பிள்ளை. அவள் பேச்சு எனக்குப் புரியவில்லை. அவள் கூப்பிட்டபோதெல்லாம் தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

ஒர்க்ஷாப்பில் எனக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். நான் கத்தினால் நாற்பது பேரும் நிற்பார்கள். நேற்று என் குரலுக்கு அவள் இமை நடுங்கியது. நான் அவளை அப்படியே விட்டுவிட்டு, ஈரத்தோடு விட்டுவிட்டு, தெருக்கோடி சோடாக் கடைவரை போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. ஏழு நாள். உங்களுக்கு எட்டு மாசம். யார் அவள் என்று உங்களைக் கேட்ட கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். டோரதியைப் பொன்மலைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். அங்கே செசிலி நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறாள், பொறுமைசாலி. ஒர்க்ஷாப்பும் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். இது என் முடிவு, நீங்கள் மறுப்புச் சொல்லக் கூடாது. சனிக்கிழமை வண்டி. ஜோலார்பேட்டையிலும் ஈரோட்டிலும் மாற வேண்டும், தூக்கிவிட ரயில்வே ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து சேருங்கள்.

ஆம்ப்ரோஸ்

காக்ஸ் டவுன்
2-6-1958

மச்சானுக்கு,

மே மாசம் அங்கே வந்திருந்தபோது எல்லாரும் என்னை உபசரித்தீர்கள். நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இங்கே வீடு சுத்தமாக இருக்கிறது. சட்டை ஒன்றுதான் அழுக்காகிறது, ஒரு நாளைக்கு. நேரத்துக்கு வீடு வருகிறேன். நன்றாகத் தூங்குகிறேன், சாப்பிடுகிறேன். உடம்பு போட்டிருக்கிறது. கோயிலில் ஒரு அம்மாள், "முகம் தெளிஞ்சிருக்கே கிளாரன்ஸ்" என்றார். பூசை முடியும்வரை அங்கே நிற்க முடியவில்லை. பிரிஜெட் அம்மா என்னோடு பேசுவதில்லை. பெண்டாட்டியைத் தள்ளிவிட்டவன் என்று நினைக்கிறார். தப்பு என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. புரட்டுவதற்கு ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே இருந்தபோது செசிலி அக்கா என்னோடு சிரித்துத்தான் பேசினார். ஆனால் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவும்போது பார்த்தேன். ஒரே கிண்ணத்தை நாலு தடவை கழுவி வைத்தார், மறுபடி எடுத்துக் கழுவினார். பிள்ளை கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. நீங்கள் கவனித்தீர்களா?

கிளாரன்ஸ்

பொன்மலை
8-7-1958

மாப்பிள்ளை,

நீங்கள் கேட்டதற்கு ஒரு மாசமாகப் பதில் எழுதவில்லை. கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டை வேவு பார்த்தது போல இருந்தது. நானும் ஒருகாலத்தில் உங்கள் வீட்டை வேவு பார்த்தவன்தான்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தேன். தெருவிலேயே தீய்ந்த வாடை. அடுப்பில் சோறு கரியாகியிருக்கிறது, வீடெல்லாம் புகை, உள்ளே டோரதி இருமிக்கொண்டிருக்கிறாள். செசிலி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உலுக்கியதும், "என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள். "உனக்கு என்ன ஆச்சு?" என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள். தலை சீவி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் பார்த்தேன். பிள்ளைகளைக் கேட்டால், அம்மா பேசி ரொம்ப நாளாகிறது என்கிறார்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "அப்பா திட்டுவீங்க" என்றார்கள்.

டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். இன்று காலை செசிலியின் அம்மா வந்து அவளை லால்குடிக்கு அழைத்துப் போயிருக்கிறார். போகும்போது செசிலி டோரதி பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

டோரதிக்கு இப்போது பாலும் தண்ணீரும் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது. நான் லீவில் இருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆம்ப்ரோஸ்

காக்ஸ் டவுன்
11-7-1958

மச்சானுக்கு,

சம்பளமில்லாத லீவு மூன்று மாசம் கேட்டேன், கிடைத்துவிட்டது. ஸ்டோர்ஸ் சாவிகளை ஒப்படைத்துவிட்டு பத்தொன்பதாம் தேதி அங்கே இருப்பேன்.

இப்படிச் செய்யலாம். நீங்கள் வேலைக்குப் போங்கள், பகல் முழுவதும் நான் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுவரை நீங்கள். அந்த மூன்று மணி நேரம் நான் வெளியே போய்விடுவேன், எங்கே என்று கேட்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போங்கள், நானும் கேட்க மாட்டேன். செசிலி அக்கா லால்குடியிலேயே இருக்கட்டும். அவருக்கு யாரும் புத்தி சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டானிக்கைவிட அது முக்கியம்.

முதலிலேயே இதை நாம் செய்திருக்கலாம். ஒருவர் தூக்குவதும் ஒருவர் குறை சொல்வதுமாகவே இருந்துவிட்டோம்.

டோரதியிடம் சொல்லுங்கள், நான் வருகிறேன் என்று. சடை பின்ன மறக்கவில்லை.

கிளாரன்ஸ்

பொன்மலை
5-9-1958

மாப்பிள்ளை,

டோரதியின் அடக்கம் முடிந்து நீங்கள் போனதிலிருந்து எழுதவில்லை. உங்கள் கடைசிக் கடிதம் வந்தது ஜூலை பதினாலாம் தேதி காலை. சுவாமியார் வந்து அவளுக்கு அவஸ்தைபூசுதல் கொடுத்து, கடைசி ஜெபமும் சொல்லி முடித்திருந்தார். படித்துக் காட்டினேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. மத்தியானம் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் உங்களுக்குத் தந்தி கொடுத்தேன்.

ஒரு பொய்யை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அதை இனியும் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவளைப் பொன்மலைக்கு அழைத்து வந்தது என் முடிவு இல்லை. நான் சோடாக் கடையிலிருந்து திரும்பி வந்து அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அவள்தான் பேசினாள். ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று நாலு தடவை சொல்லச் சொல்லிப் புரிந்துகொண்டேன்.

"என்னை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே. அவரு தினமும் ஸ்டேஷன்ல போய் உட்கார்றாரு. சட்டையில கரிப்புகை வாசனை வருது. ஓவர்டைம்னு சொல்றாரு, பாவம். நீங்களா பிடிவாதமா கூட்டிட்டுப் போற மாதிரி சொல்லுங்க. நான் கேட்டேன்னு சொன்னா அவரு விட மாட்டாரு."

இவ்வளவு சொல்ல அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

செசிலி திரும்பி வந்துவிட்டாள். வேலையெல்லாம் செய்கிறாள். ஆனால் பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுகிறாள். கோயிலுக்கு வருகிறாள், நற்கருணை வாங்குவதில்லை. ரொம்பக் கேட்டதற்கு ஒருநாள் சொன்னாள்: "அவ போயிட்டான்னு லால்குடிக்கு ஆள் வந்து சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்க. அதை வச்சுக்கிட்டு எப்படி வாங்குறது?" முன்பெல்லாம் எதற்கும் பதில் வைத்திருந்தவன் நான்.

ஆம்ப்ரோஸ்

காக்ஸ் டவுன்
12-9-1958

அன்புள்ள மச்சானுக்கு,

நான் கேட்டேன்னு சொன்னா அவரு விட மாட்டாரு என்று டோரதி சொன்னாளா? அவள் கடைசிவரை என்னை நல்லவனாகவே நினைத்திருக்கிறாள்.

எனக்கு அன்றே தெரியும் மச்சான். அந்த வெள்ளிக்கிழமை நான் தங்கவயலிலிருந்து வந்தபோது, "அண்ணன் கூடப் போறியா?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்னாலேயே "ம்" என்றாள். ஆறு வருஷத்தில் நான் இல்லாமல் ஒரு ராத்திரி வேறு வீட்டில் தங்கச் சம்மதிக்காதவள். அந்த "ம்" எதற்கென்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருந்தேன். தெரிந்துகொண்டே அவளை வண்டியில் ஏற்றி, தலைக்குத் தலையணை வைத்தேன். "வேண்டாம், இங்கேயே இரு" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். நான் சொல்லவில்லை. நீங்கள் பொய் சொன்னதாக வருத்தப்படாதீர்கள். அந்தப் பொய்யை நம்பியது போல நடித்தவன் நான்.

இன்னொன்று. தந்தி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். படித்தேன். மடித்துப் பக்கத்தில் வைத்தேன். தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டேன். மோர் ஊற்றிக்கொண்டு மறுபடி சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் அழுகை வந்தது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லவில்லை.

செசிலி அக்காவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். தந்தியையும் சோற்றையும் விட்டுவிடாமல் படியுங்கள். நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்: மூன்று மாசம் ஒரு கனமான பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவர் அவர். யாரோ அதை இறக்கி வைத்ததும் கழுத்துக்கு ஒரு சுகம் வருகிறது. கழுத்துக்கு வந்த சுகத்துக்கு மனசின் மேல் குற்றம் சாட்ட முடியாது. என் விஷயத்தில் இதை என்னால் நம்ப முடியவில்லை, தினமும் முயற்சி செய்கிறேன். அக்கா விஷயத்தில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்புகிறேன். டோரதிக்குத் தண்ணீர் ஊற்றிய கை அது.

அடுத்த மாசம் பிள்ளைகளின் லீவில் நீங்கள் எல்லாரும் இங்கே வர வேண்டும். வீட்டுக்குள் வெயில் வர ஒன்பது மணியாகும், அக்காவை யாரும் எழுப்ப வேண்டாம். எழுந்திருக்கும்போது எழுந்திருக்கட்டும். சமையல் நான் செய்கிறேன்.

கிளாரன்ஸ்